தவளை வண்டியின் பின்கதவு

இலஞ்சி
16-11-86

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், அப்பா, தம்பி குத்தாலிங்கம் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், இலஞ்சிக் குமாரர் கிருபையில் நீயும் டெல்லியில் அப்படியே இருக்க வேண்டும். இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு அப்புறம் கீழே போ. பாதியில் உனக்குப் பதறினால் திரும்ப மேலே வந்து இதையே படி. தம்பி இப்போது எனக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒன்பதாம் வாய்ப்பாடு எழுதுகிறான், ஒன்பது ஏழுக்கு என்ன எழுதலாம் என்று என் முகத்தைப் பார்க்கிறான், நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தும் பார்க்கிறான்.

உன்னுடைய மூன்று கடிதங்களும் வந்தன. ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை, மூன்று மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இரண்டாவது கடிதத்தில் நம் தவளை வண்டியை விற்றால் பொங்கலுக்கு ஊர்ப் பக்கமே வர மாட்டேன், கேட்காமல் கொள்ளாமல் எப்படி விற்பீர்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பாவம், அவர் உனக்குப் போட்ட கார்டில், புதிதாக வந்திருக்கிற பெட்ரோல் காருக்கு நம்முடைய முறை வந்துவிட்டது, பழையதைக் கொடுத்தால்தான் புதியதை எடுக்க முடியும், வாசுதேவநல்லூர் நல்லதம்பி கேட்கிறார் என்று மட்டும்தான் எழுதினார். எதனால் திடீரென்று இந்த யோசனை வந்தது என்பதை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று தடுத்தவள் நான். பிள்ளை தூர தேசத்தில் தனியாக இருக்கிறாள், கேட்டால் உறங்க மாட்டாள் என்றேன். அது பாதி உண்மை. மீதி, உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த வருஷம் சாரல் எப்படி என்று கேட்டிருந்தாய். ஆடி முழுக்க விட்டபாடில்லை. குற்றாலத்தில் நாம் வாடகைக்கு விடுகிற ஆறு அறைகளும் சீசனுக்கு நிறைந்துதான் இருந்தன, ஆனால் மெத்தைகள் ஈரம் குடித்துக் கனத்துப் போய்விட்டன, மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மாள் மெத்தையில் உட்கார்ந்து எழுந்து சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அருவியில் குளிக்கத்தான் வந்தோம், படுக்கையிலுமா என்று கேட்டாள். வழக்கம்போல இரண்டு நாளைக்கு ஒரு தடவை நாலு நாலு மெத்தையாகத் தவளையில் ஏற்றிக் கீழப்பாவூர் மாமா வீட்டு மச்சில் காயப்போட்டு எடுத்து வருவதுதான். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது பத்து மைல் கிழக்கே சுள்ளென்று வெயில் அடிக்கிற அதிசயம் உன் டெல்லிச் சிநேகிதிகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மெத்தை நீளம், வண்டி குட்டை, அதனால் பின்கதவை மேலே தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு, மெத்தைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் தம்பி படுத்துக்கொண்டு போவதும் வருவதும் நீ பார்த்ததுதான். நீயும் அப்படிப் போனவள்தானே. இவன் திரும்பி வரும்போது ஒரு மைல் தாண்டுவதற்குள் உறங்கிவிடுவான். உன் பேராச்சி அத்தை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள், எங்க வீட்டுல ஒண்ணு ராப்பூரா முழிச்சு உசிர வாங்குது, உம் பிள்ள மெத்தையக் கண்டதும் கண்ண மூடிருதான், குடுத்து வச்சவட்டி நீ என்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சில நாள் வீட்டுக்கு வந்ததும் தலை வலிக்கிறது என்பான், குமட்டுகிறது என்பான். அருவித் தண்ணீர் சேரவில்லை என்று குளிப்பதை நிறுத்தினேன். கற்பூரவல்லிச் சாறு கொடுத்தேன். கண்ணேறு என்று பேராச்சி மிளகாய் சுற்றிப் போட்டாள், காரல் வரவில்லை, அதனால் பெரிய கண்ணேறு என்றாள், சரி என்று அதையும் நம்பினேன்.

ஆகஸ்ட் பதினாறு, சனிக்கிழமை. அப்பா புதிதாக வந்த கூட்டத்துக்கு அறை ஒழித்துக் கொடுக்கக் குற்றாலத்தில் நின்றுவிட்டார், மெத்தைகளையும் அதன் மேல் தம்பியையும் ஏற்றிக் கீழப்பாவூரிலிருந்து நான்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். வழக்கம்போலக் கடைத்தெருவில் ஒருவன், ஏலே ஒதுங்கு, டீச்சரம்மா பிளைட்டு வருது என்று கத்தினான், நான் டீச்சர் இல்லை என்று அவனுக்கு இத்தனை வருஷமாகத் தெரியவில்லை. தென்காசிக்கு முன்னால் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கொல்லம் வண்டி லேட். நிற்கும்போதே தூறல் விழ ஆரம்பித்தது. நாள் முழுக்க வெயிலில் போட்டு மொறுமொறுவென்று காய்ந்த மெத்தை, இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு பூட்டிக் கிடந்த நெல் கிட்டங்கி, அதற்குத் தகரச் சார்ப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா, எவ்வளவு சாமர்த்தியசாலி பார், வண்டியைப் பின்னால் எடுத்து, மெத்தை சுவரைத் தொடுகிற மாதிரி சார்ப்புக்குள்ளே நுழைத்து நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. டீசல் எஞ்சின் மாற்றிய நாளிலிருந்து அதை அணைத்தால் நாலு பேர் வந்து தள்ள வேண்டும், அந்த மழையில் யாரைக் கூப்பிட. நான் இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன், கேட் திறக்கிறதா என்று பார்க்க. அரை மணிக்குப் பக்கம் ஆகியிருக்கும். நடுவில் ஒரு தடவை அம்மா என்று கேட்ட மாதிரி இருந்தது. உறக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன், மெத்தை நனையவில்லை, திருப்தியாக இருந்தது. குழலி, இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று மாதமாகப் பார்க்கிறேன், முடியவில்லை. நான் மெத்தையைத்தான் பார்த்தேன்.

கேட் திறந்து தென்காசிக்குள் நுழைந்த பிறகு, ஏலே குத்தாலம், சுக்குமுட்டாய் வேணுமா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பிள்ளையா அவன்? ஓரமாக நிறுத்திப் போய்ப் பார்த்தால் வாயோரம் வாந்தி, தலை மெத்தைக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவில் தொங்குகிறது, உலுக்கினால் துணி மாதிரி வருகிறான். எப்படி ஓட்டினேன் என்று கேட்காதே. ரெபேக்காள் டாக்டர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அப்படியே விட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என்னோடு பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தவள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவள்தான். நான் அருவி, சளி, கண்ணேறு என்று அழுதுகொண்டே அடுக்குகிறேன், அவள் ஒன்றையும் காதில் வாங்காமல் மூக்கில் ஆக்சிஜனை வைத்துவிட்டு, இவன் தலைமுடியை மோந்து பார்த்தாள். பிள்ள மேல லாரி ஷெட்டு வாடை அடிக்கே, எங்கட்டி படுக்கப்போட்டிருந்த இவன என்றாள். சொன்னேன். கதவு, கயிறு, சுவர், எஞ்சின், எல்லாம். பிறகு, ஏட்டி மங்களம், நீ கெமிஸ்ட்ரிதானட்டி படிச்ச என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். புகையில் இருக்கிற விஷ வாயுவைப் பற்றிப் பரீட்சையில் ஒரு முழுக் கேள்விக்கு எழுதியவள் நான், நிறம் கிடையாது, மணம் கிடையாது, ரத்தத்தில் ஏறினால் உறக்கம் மாதிரி வரும் என்று படம் போட்டு எழுதியவள், நிறைய மார்க் வாங்கினவள். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதிய பரீட்சை அது. முக்கால் மணி கழித்து அவன் கண்ணைத் திறந்தான். திறந்ததும் என்ன கேட்டான் தெரியுமா, மெத்தைல கக்கிட்டேம்மா, அப்பா ஏசுவாகளா என்றான்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினாள். இப்போது ஒன்றும் இல்லை, இரண்டு தடவை காட்டிவிட்டேன், பள்ளிக்கூடத்தில் மார்க்கும் குறையவில்லை, கூடவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ பத்தாவது படிக்கும்போதுதான் அந்த எஞ்சின் மாற்றினோம். அதற்குப் பிறகு வந்த இரண்டு சீசனிலும் சனி ஞாயிறு உனக்கு ஒற்றைத் தலைவலி. நான் என்ன செய்தேன், படித்துப் படித்துக் கண் கெட்டுவிட்டது என்று திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி வாங்கி மாட்டினேன். பவர் ஒன்றும் பெரிதாக இல்லை, வேண்டுமானால் போடுங்கள் என்று அந்த டாக்டர் சொன்னார், நான்தான் பிடிவாதமாகப் போடச் சொன்னேன். மூன்று வருஷம் உன்னைச் சோடாபுட்டி என்று பிள்ளைகள் கேலி செய்தது மெத்தைக்காகத்தான் போலிருக்கிறது. இப்போது தலைவலி வருகிறதா, கண்ணாடி இல்லாமல் போர்டு தெரிகிறதா என்று எனக்கு ஒளிக்காமல் எழுது.

இனி வண்டி விஷயம். நான் அன்றைக்கே, அதை இந்த வாசலில் வைத்துப் பார்க்கச் சம்மதிக்க மாட்டேன், நாளைக்கே தள்ளிவிடுங்கள் என்றேன். பிள்ளையைப் பார்த்த பயம் அப்பாவுக்கும் இருந்தது. பத்து நாள் போனதும் மெதுவாக ஆரம்பித்தார். தப்பு வண்டி மேல இல்ல மங்களம், கதவத் தெறந்து போட்டது நாம, மூடி வச்சா அது பாட்டுக்கு ஓடும் என்றார். பிறகு நீ பிளஸ் டூ பரீட்சைக்குப் போனது அதில், இவன் பிறக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போனது அதில், இத்தனை வருஷம் நம் சீசனைத் தாங்கினது அது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மெக்கானிக் முகம்மது மீரானைக் கூட்டி வந்து எனக்கு எதிரிலேயே நிறுத்திச் சொல்லச் சொன்னார். மீரான் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, அண்ணாச்சி, எஞ்சினு கல்லு மாதிரி இருக்கு, ஆனா சைலன்சர் குழாய் அரிச்சுப்போச்சு, பின்கதவு ரப்பரு இருக்கா இல்லையான்னே தெரியல, தரையில ரெண்டு எடத்துல ஓட்டை, அக்கா சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு, நீங்க சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு என்றார். இவர கூப்பிட்டது எதுக்கு என்று அப்பாவுக்குக் கோபம். அந்த வாரம்தான் புது வண்டிக்கு முறை வந்த கடிதம் வந்தது. சரி, கடவுளே வழி விட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். அப்பாவும் பாதி மனதாகச் சரி என்றார். அப்போதுதான் உனக்குக் கார்டு போட்டது.

நல்லதம்பி ஐப்பசி முதல் வாரத்தில் வண்டியைப் பார்க்க வந்தார். வாசுதேவநல்லூரில் எலுமிச்சைத் தோட்டம், மூட்டையாகக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டுமாம். நல்ல மனிதர், வெளுத்த வேட்டி, பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. கூட இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டி வந்திருந்தார், பெரியவளுக்கு ஏழு இருக்கும், சின்னவள் நம் குத்தாலத்தை விடச் சிறியவள். வந்தவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை, நேரே பின்னால் போய்க் கதவைத் தூக்கினார். அண்ணாச்சி, இதுக்குத்தான் இந்த வண்டியத் தேடுதேன், மூட்டைய அடுக்கி, கதவக் கட்டிவிட்டு, மேல பிள்ளையள ஏத்தி உக்கார வச்சுட்டா காத்தோட்டமா வந்துருங்க, முன்னால இருந்து என் உசிர எடுக்காது பாத்தியளா என்றார். அதற்குள் இரண்டும் உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டு காலை வெளியே ஆட்டிக்கொண்டிருந்தன. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன் குழலி, ஆக்சிஜன் வரைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கிறார். என்னக்கா, விக்க வந்த சாமான இப்படியா கொறச்சுச் சொல்லுவாக, குடுக்க மனசு இல்லன்னா நேராச் சொல்லிருங்க, உங்க பிள்ள பட்டணத்துப் பிள்ள மாதிரி வளந்தது, எம்பிள்ளைய மூட்டைக்கு நடுவுல பொறந்ததுங்க, ஒண்ணும் செய்யாது என்றார். ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது சின்னவள் தம்பியிடம், உங்க வண்டி இனிமே எங்க வண்டி என்று அழகு காட்டிவிட்டுப் போனாள்.

அந்த நாலு நாளும் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. விற்றால் புது வண்டி, பின்கதவில் கயிறு இல்லை, நம் பிள்ளைக்குப் பயம் இல்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு? வாங்கினவன் பாடு என்று அப்பாவே ஒரு தடவை சொல்லிவிட்டு, சொன்னது பிடிக்காமல் எழுந்து வெளியே போனார். சனிக்கிழமை அவர் ஒரு கல்யாணத்துக்குக் கடையநல்லூர் போயிருந்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மீரான் பட்டறைக்குப் போய், பின்கதவை வெல்டிங் வைத்து மூடுங்கள், ஆளுயரக் கடப்பாரை போட்டாலும் திறக்கக் கூடாது என்றேன். மீரான் பயந்துபோய், அக்கா, அண்ணாச்சி வரட்டுமே, நாளைக்கு என் கடைக்கு வந்து நின்னு சத்தம் போடுவாகளே என்றார். சத்தம் போட்டா நான் சொன்னேன்னு சொல்லும், இல்லைன்னா நீர் வைக்காண்டாம், வெல்டிங் கம்பியக் குடும், நானே வைக்கேன் என்றேன். அப்புறம்தான் வெல்டிங் கண்ணாடியை மாட்டினார். கதவைச் சுற்றி நாலு பக்கமும் வைத்து, தரை ஓட்டைகளையும் தகடு போட்டு அடைத்து, சைலன்சர் குழாயைப் புதிதாகப் போட்டுப் பக்கவாட்டில் வெளியே கொண்டுவந்து விட்டார். அவர் வைக்க வைக்க நான் பக்கத்திலேயே நின்றேன், ஒரு விரற்கடை இடைவெளி விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்லதம்பி மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்து, கதவைத் தூக்கப் பார்த்து, தழும்பைப் பார்த்து, என்னைப் பார்த்தார். சிரிப்பு இல்லை. இதுல இனி என்னத்த ஏத்த என்று கேட்டுவிட்டு, கொண்டு வந்த மாலையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அவர் பஸ் ஏறும் வரைக்கும் பொறுத்திருந்து, ஒரு வெல்டிங்குல ரெண்டு வண்டியையும் இல்லாமப் பண்ணிட்டியே என்றார். உண்மைதான். இது விலை போகாமல் புதியதை எடுக்க வழி இல்லை, முறை போனது போனதுதான், அடுத்த முறை எப்போதோ. மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. நாலாம் நாள் தம்பியை முன்சீட்டில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போய்விட்டு வந்து, புகை வாடை ஒண்ணும் இல்ல என்று தூணைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான் சமாதானம். மெத்தைகளை வருகிற சீசனில் வாடகை வேனில் அனுப்பலாம் என்று இருக்கிறோம். ஆக, உன் தவளை வீட்டில்தான் நிற்கிறது, நீ ஆசைப்பட்டபடியே, ஆனால் நீ கால் நீட்டிப் படுத்த அந்த இடம் இனிக் கிடையாது, வந்து பார்த்துவிட்டு என்னை ஏசாதே. நான் ஓட்டும்போது தம்பி வாயை மூடக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். இரண்டு நிமிஷம் சத்தம் இல்லை என்றால் கூப்பிடுவேன். நேற்று, உறங்கல, உறங்கல, ரோட்டப் பாத்து ஓட்டும்மா என்று எரிந்து விழுந்தான்.

வண்டியைப் பற்றி மட்டும் என்றால் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருப்பேன். மூன்றாவது கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. குளிர் தொடங்கிவிட்டது, நானும் கூட இருக்கிற இரண்டு பெண்களும் சேர்ந்து அங்கீட்டி என்று ஒரு கரி அடுப்பு வாங்கியிருக்கிறோம், ராத்திரி ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, அதை நடுவில் வைத்துக்கொண்டு படுத்தால் ஊரில் மெத்தையில் உறங்குகிற மாதிரி சுகமாக உறக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் அடுக்களையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது உறக்கம் இல்லை மகளே. கரி கனன்றாலும் அதே வாயுதான், புகையே தெரியாது. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நேரத்திலேயே அதைத் தூக்கி வெளியே வை. அந்தப் பெண்கள் கேலி செய்தால் செய்யட்டும், நல்லதம்பி சிரித்த மாதிரி சிரிக்கட்டும், நீ என் கெமிஸ்ட்ரியைச் சொல்லு, தம்பி கதையைச் சொல்லு, கேட்கவில்லை என்றால் அடுப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சண்டை போடு. குளிருக்கு இரண்டு கம்பளி நாளைக்கே பார்சல் போடுகிறேன், அப்பாவுடைய மப்ளரையும் வைக்கிறேன். ஜன்னல் ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும். தபால் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகுமே என்பதால் இன்று ஞாயிறு என்று பூட்டிக் கிடக்கிற தந்தி ஆபீசுக்கு நாளைக் காலையில் முதல் வேலையாக அப்பா போகிறார், அடுப்பை வெளியே வை, விவரம் கடிதத்தில் என்று தந்தி வந்தால் பயந்துவிடாதே, இதுதான் அந்த விவரம்.

குழல்வாய்மொழி அம்மன் உனக்குத் துணை இருப்பாள், ஆயுசோடும் நல்ல படிப்போடும் நீ நீடூழி இருக்க அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். பொங்கலுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பதிலில் வேறு ஒன்றும் எழுத வேண்டாம், அடுப்பு வெளியே இருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, தலை வலிக்கவில்லை, இந்த மூன்றும் போதும். ஒரு கார்டில் எழுதி அன்றைக்கே பெட்டியில் போடு.

உன் அம்மா,
நா. மங்களேஸ்வரி